ஹலோ... மைக் டெஸ்டிங்!

டப்பிங், விளம்பரக் குரல், ஆடியோ புத்தகம் என்று ஆளாளுக்கு வாய் திறக்கத் தயாராகிவிட்டீர்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்கள் அத்தனையும் மைக் பற்றியே.

‘கணீர் குரலோன்’, விருத்தாசலம்
கே: என் குரல் கணீரென்று இருப்பதாக ஊரே சொல்கிறது. வீட்டிலிருந்தே டப்பிங், விளம்பரம் பேசலாம் என்றிருக்கிறேன். 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன். எந்த மைக் வாங்கலாம்?

ப: மைக் இருக்கட்டும். அறை எப்படி? பேசப்போகும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ‘டப்’ என்று அங்கேயே அடங்கினால் பாதி வேலை முடிந்தது. ‘டங்ங்’ என்று சுவருக்குச் சுவர் ஓடினால், எந்த மைக்கை வாங்கினாலும் அது அந்த ‘ங்ங்’கையும் சேர்த்தே பதியும். நம் வீடுகளில் சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. ஆறு பக்கமும் ஒலியைத் திருப்பி அடிக்கிற ஆட்கள். பத்தாயிரம் ரூபாய் மைக்கோடு அடங்கிய அறையில் பேசியவரையும், லட்ச ரூபாய் மைக்கோடு ஹாலில் பேசியவரையும் அடுத்தடுத்துக் கேட்டால், வேலை முதல் ஆளுக்குத்தான் போகும். ஆகவே பணத்தில் பாதியை அறைக்கு ஒதுக்குங்கள். மீதியில் சாதாரண கண்டென்சர் மைக் ஒன்று. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டியும் வேண்டும். கடைக்காரர் இதை பில் போட்ட பிறகு சொல்வார், நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

‘அட்டைக்கத்தி’, நாமக்கல்
கே: எங்கள் ஊரில் முட்டை அட்டைக்குப் பஞ்சமே இல்லை. சுவர் முழுக்க ஒட்டிவிட்டால் ஸ்டூடியோ ரெடியா?

ப: இந்தக் கேள்வி நாமக்கல்லிலிருந்து வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முட்டை அட்டை முட்டையைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஆண் குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸ் பக்கம் என்று வைத்தால், அந்த அலை ஒன்றின் நீளம் மட்டும் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதை அட்டை கொண்டு தடுப்பது யானையைக் கொசுவலையில் பிடிக்கிற வேலை. ஒரு அங்குல ஃபோம் ஷீட்டும் பெரிதாக ஒன்றும் கிழிக்காது. ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற கீச்சு ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு ‘ம்’, ‘ஊ’ எல்லாவற்றையும் அறைக்குள் உருள விட்டுவிடும். ‘பெட்டிக்குள்ளிருந்து பேசுற மாதிரி இருக்கு’ என்று சவுண்ட் இன்ஜினியர் சொல்வது இதைத்தான்.

தடிமன்தான் வேலை செய்யும். நான்கு அங்குல ராக்வூல் பலகையைத் துணி சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தலாம். அதற்கு வசதி இல்லையா, வீட்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் அழகாக ஃபோம் ஒட்டிவிட்டு, தன் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டுவிடுவார்கள். பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்ட் ரகம், பின்பக்கம் அதற்குக் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தையும் உங்களுக்குப் பின்னால் இருப்பதையும். முதல் மெத்தை உங்கள் முதுகுக்கு, அடுத்தவை இரு பக்கத்துக்கும். தலைக்கு மேல் ஒரு தடித்த கம்பளி.

இன்னொன்று: முட்டை அட்டை சட்டென்று தீப்பிடிக்கும். ஒயர் ஓடும் அறையில் அது வேண்டவே வேண்டாம்.

‘பீரோ புல்லிங்’, மடிப்பாக்கம்
கே: அமெரிக்காவில் குரல் கலைஞர்கள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுகிறார்களாமே? நானும் பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பேசினேன். கணகணவென்று ஒலிக்கிறது.

ப: அவர்களுடையது ஆள் நுழையும் துணி அறை. மூன்று பக்கமும் கோட்டும் கம்பளிச் சட்டையும் தொங்கும். உங்களுடையது இரும்பு. கதவை விரலால் சுண்டிப் பாருங்கள், பாடும். உங்கள் குரல் ஒரு குறிப்பிட்ட சுருதியைத் தொடும்போதெல்லாம் கூடவே பாடும். பரணில் கவிழ்த்து வைத்த சில்வர் அண்டாவும் இதே கச்சேரியின் பக்கவாத்தியம். பீரோவை அடுத்த அறைக்குத் தள்ளுங்கள். அண்டாவுக்குள் நான்கு பழைய சேலையைத் திணியுங்கள். கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு நடுவில் நில்லுங்கள், அதுதான் நம் ஊர் துணி அறை. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சித்திரையில் இந்தத் தொழில் உடம்பு இளைக்கவும் உதவும்.

‘கடன்காரன்’, கோவை
கே: நாய்மன் யு 87 மைக்தான் குரலுக்கு ராஜா என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கலாமா?

ப: ராஜாதான், சந்தேகமில்லை. 1967-இல் வந்தது. இன்றும் பெரிய ஸ்டூடியோக்களில் அதற்குத் தனி மரியாதை. புதிதாக வாங்கினால் மூன்று லட்ச ரூபாய் அளவில் ஆகும். ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். எந்த மைக்குக்கும் சொந்த இரைச்சல் என்று ஒன்று உண்டு, யாரும் பேசாதபோதும் அதன் மின்சுற்று எழுப்பும் ‘ஸ்ஸ்’. இப்போது விற்கும் ‘யு 87 ஏஐ’ மாடலில் அது 12 டெசிபெல். அதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ரோடு என்டி 1-இல் நான்கு, ஐந்துதான். அதற்காக என்டி 1 யு 87-ஐ மிஞ்சிவிட்டது என்று அர்த்தமில்லை. குரலின் நடுப்பகுதியை யு 87 முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் விதம் வேறு. ஆனால் அந்த வித்தியாசம் அடங்கிய அறையில்தான் காதுக்கு எட்டும். உங்கள் வீட்டில் வைத்தால், நகைக்காக மனைவி அடுத்த அறையில் முணுமுணுப்பதைத்தான் அது துல்லியமாகப் பதியும்.

‘பாட்காஸ்ட் பாலகன்’, தாம்பரம்
கே: யூடியூபில் எல்லோர் வாயருகிலும் ஒரு கறுப்பு மைக் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது சுற்றுச் சத்தமே எடுக்காதாமே?

ப: ஷூர் எஸ்எம் 7பி. 2001-இல் வந்தது. இதற்கு முந்தைய எஸ்எம் 7, எழுபதுகளிலேயே வந்துவிட்டது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்துக்குப் பெரும்பாலும் குரல் பதிந்தது அதில்தான். நல்ல டைனமிக் மைக். ஆனால் ‘டைனமிக் மைக் சுற்றுச் சத்தம் எடுக்காது’ என்பது கடைக்காரர்கள் பரப்பிய புராணம். அது மந்தமான காது, அதனால் வாயைக் கிட்டத்தில் வைத்துப் பேசுகிறார்கள். கிட்டத்தில் பேசுவதால் குரல் பெரிதாகி, சுற்றுச் சத்தம் சிறிதாகத் தெரிகிறது. கண்டென்சர் மைக்கையும் அதே நெருக்கத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருக்காது. இன்னொரு செலவையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எம் 7பி-க்கு 60 டெசிபெல் அளவுக்கு கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், கொடுக்க வேண்டும். மலிவு இன்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் குரலோடு இரைச்சலும் ஏறும்.

‘பேய்க்குப் பயந்தவள்’, ஏற்காடு
கே: இன்டர்ஃபேஸில் ‘48 வோல்ட் ஃபேன்டம்’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஷாக் அடிக்குமா?

ப: அடிக்காது, அமுக்குங்கள். அமுக்காவிட்டால் உங்கள் கண்டென்சர் மைக் ஊமை. உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தின் அசைவை மின் சைகையாக மாற்றும் சுற்றுக்கு மின்சாரம் வேண்டும். அது தனி ஒயர் இல்லாமல் அதே மைக் கேபிளில் போவதால்தான் இந்தப் பேய்ப் பெயர். ஏன் 48? 1966-இல் நாய்மன் கம்பெனி நார்வே வானொலிக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தபோது, அங்கே குளிர்கால இருட்டுக்காக வைத்திருந்த அவசர விளக்குகளுக்கு 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதுவே உலகத்துக்கு வழக்கமாகிவிட்டது. பட்டனை அமுக்குமுன் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள், ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

‘பலாப்பழம்’, பண்ருட்டி
கே: ஊர் பெயரைச் சொன்னாலே மைக்கில் குண்டு வெடிக்கிறது. என்ன செய்ய?

ப: உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ‘பண்ருட்டிப் பலாப்பழம்’ என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ‘ப’வுக்கும் ஒரு காற்று வந்து அடிக்கும். கையை மெல்ல இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்திக்கொண்டே திரும்பச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் காற்று நின்றுவிடும், குரல் மட்டும் கேட்கும். மைக்குக்கு அதுதான் இடம். வாய்க்கு நேரே வேண்டாம், கடைவாய்ப் பக்கம், உங்களை நோக்கித் திரும்பியபடி.

தூரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் ஒரு பாப் ஃபில்டர். வாங்கப் பிடிக்காவிட்டால், எம்ப்ராய்டரி போடும் மர வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டி, மைக்கிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். கடைச்சரக்குக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

தூரத்தை ஒருமுறை முடிவு செய்தால் கடைசிவரை அதுவே. திறந்த வெளிக் கணக்குப்படி தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் விழும். சாணில் பாதி அசைந்தாலே காதில் தெரிந்துவிடும். ஆடியோ புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயத்தில் பக்கத்தில் இருந்தவர் நான்காம் அத்தியாயத்தில் மாடிக்குப் போய்விட்டது போல் கேட்பது இதனால்தான்.

‘வானொலிப் பைத்தியம்’, யாழ்ப்பாணம்
கே: எங்கட அந்தக் கால இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின்ர குரலில் இருந்த கனம் இப்ப ஏன் இல்லை?

ப: ஆளின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தேர்வு கடுமை, உச்சரிப்பில் சலுகை கிடையாது. மயில்வாகனனும் பி.எச்.அப்துல் ஹமீதும் மைக்கால் உருவானவர்கள் அல்ல. மீதியில் கருவிக்கும் பங்குண்டு. மத்திய அலை ஒலிபரப்பு கீச்சு ஒலிகளை வெட்டிவிடும். மரப்பெட்டி ரேடியோவின் பெரிய ஸ்பீக்கர் அடிக்குரலை இன்னும் கொஞ்சம் தடிக்க வைக்கும். அதோடு, திசை பார்த்துக் கேட்கும் எந்த மைக்குக்கும் ஒரு குணம் உண்டு: வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் கூடும். இன்றைய எஃப்எம் தம்பிமாரும் அதே நெருக்கத்தில்தான் பேசுகிறார்கள். மூச்சு விட்டால்தானே கனம் வரும், அவர்கள் விடுவதேயில்லை.

‘ஜிமிக்கி’, கும்பகோணம்
கே: முதல் டப்பிங்குக்குப் பட்டுப்புடவை கட்டிப் போகலாமா? நல்ல நாளும் அதுவுமாக...

ப: கும்பிடுங்கள், கட்டாதீர்கள். பட்டின் சரசரப்பு, சிந்தெடிக் துப்பட்டா, கண்ணாடி வளையல், கொலுசு, ஜிமிக்கி எல்லாமே மைக்குக்குத் தனித்தனிக் கதாபாத்திரங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணிதான் டப்பிங்குக்கு உடுப்பு. காதணியைக் கழற்றினால் ஹெட்போனும் உறுத்தாது. கொலைப் பட்டினியோடு போகாதீர்கள். வயிறு ‘கொர்ர்’ என்பது காதலிக்கும் காட்சியில் விழும். தயிர்சாதம், இனிப்பு ஆகாது, எச்சில் தடித்து வாயில் ‘க்ளிக் க்ளிக்’ என்று நூல் அறுபடும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், நடுவில் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு. தாளில் அச்செடுத்தால் ஒரு பக்கம் மட்டும் எடுங்கள், வாக்கிய நடுவில் தாள் புரட்டாதீர்கள்.

‘பழைய படம்’, புதுக்கோட்டை
கே: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி டப்பிங் பேசினார்கள்?

ப: வியர்க்க வியர்க்க. பேச வேண்டிய காட்சியின் ஃபிலிமை வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி வளையமாக்கி புரொஜெக்டரில் மாட்டிவிடுவார்கள். அதற்குத்தான் ‘லூப்’ என்று பெயர். அதே சில விநாடிகள் திரையில் சுற்றிச் சுற்றி வரும். கலைஞர்கள் பார்த்துப் பார்த்து வாயசைவை மனப்பாடம் செய்துகொண்டு, ‘டேக்’ என்றதும் பேச வேண்டும். காட்சியில் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். நாலாமவர் கடைசி வார்த்தையில் தடுமாறினால் முதலாமவரும் முதலிலிருந்து. வீட்டுக்குப் போகும்போது அந்த நாலாமவருக்கு யாரும் பீடி கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இந்தியப் படமொன்று இன்னொரு இந்திய மொழியில் டப் ஆனதற்கு முதல் உதாரணமாகச் சொல்லப்படுவது, ஏவி.எம். கன்னடத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த ‘ஹரிச்சந்திரா’, 1944. இன்று ஒவ்வொருவரும் தனியாக வந்து தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போகலாம். எதிரில் யாரும் இல்லாமல் சண்டை போட வேண்டும், அழ வேண்டும். எது கஷ்டம் என்று இரண்டு காலத்தையும் பார்த்தவர்களைக் கேளுங்கள், பதில் ஒன்றாக இருக்காது. அந்தத் தனிமையிலும் விளையாடியவர் எஸ்.பி.பி. 2008-இல் ‘தசாவதாரம்’ தெலுங்குக்குப் போனபோது கமலின் பத்து வேடங்களில் ஏழுக்கு அவரே பேசினார், பாட்டி வேடம் உட்பட.

‘உச்சஸ்தாயி’, மதுரை
கே: ‘டேய்ய்ய்!’ என்று கத்தும் வசனம். மைக்கை விட்டுத் தள்ளிப்போக வேண்டுமா, கெயினைக் குறைக்க வேண்டுமா?

ப: வீட்டில் தனியாகப் பேசினால் கெயினைக் குறைத்துவிட்டு அந்த வசனத்தை மட்டும் தனி டேக்காகப் பேசுங்கள். தள்ளிப்போனால் கூடவே அறையும் வந்துவிடும். சினிமாவில் கதை வேறு. திரையில் ஆள் தூரத்தில் நின்றால் குரலும் தூரத்திலிருந்து வர வேண்டும். இன்ஜினியரே ‘ரெண்டடி பின்னால போங்க’ என்பார், முகத்தைக்கூடத் திருப்பச் சொல்வார். எதுவானாலும் கத்தலில் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம், ஒட்டவைக்க வைத்தியமில்லை. 24 பிட்டில் பதிந்தால், உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நின்றாலே தாராளம். சத்தத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

‘மெகா பிக்ஸல்’, ஓசூர்
கே: 48-க்குப் பதிலாக 192 கிலோ ஹெர்ட்ஸில் பதிந்தால் குரல் நான்கு மடங்கு இனிக்குமா?

ப: ஹார்ட் டிஸ்க் நான்கு மடங்கு நிரம்பும். படத்துக்கு 48, அவ்வளவே.

‘குக்கர் விசில்’, திருநெல்வேலி
கே: இரைச்சலை நீக்க இப்போதுதான் சாஃப்ட்வேர் வந்துவிட்டதே, பிறகு எதற்கு மெத்தையும் போர்வையும்?

ப: ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை அது ஓரளவு வழித்தெடுக்கும். அடுத்த வீட்டு விசிலும் குயிலும் உங்கள் வார்த்தைக்கு நடுவே விழுந்தால், வழிக்கும்போது வார்த்தையின் தோலும் சேர்ந்து உரியும். முதலில் போவது ‘ச’, ‘ஃப’ மாதிரி காற்றொலிகள்தான். எதிரொலி அதைவிட மோசம், அது உங்கள் குரலின் நகலேதான், எதை நீக்குவது என்று சாஃப்ட்வேர் திணறும். ஆடியோ புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் விதி ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெல்லுக்குக் கீழே இருக்க வேண்டும். இன்றிரவு பத்து மணிக்குச் சும்மா பதிந்து மீட்டரைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தெரிந்துகொள்வீர்கள்.

‘வெயிலான்’, வேலூர்
கே: அவசரமாக ஒரு வாய்ஸ் டெஸ்ட் அனுப்பச் சொல்கிறார்கள். கையில் போன் மட்டும்தான்.

ப: காருக்குள் போய் உட்காருங்கள். சீட், மேட், மேல் உறை எல்லாம் ஒலியை உறிஞ்சும், எதிரொலி வீட்டு ஹாலைவிட எத்தனையோ குறைவு. என்ஜினையும் ஏசியையும் அணையுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாகப் பேசாதீர்கள், அது குரலைச் சுருக்கிவிடும். போனின் ரெக்கார்டரில் பதிந்து ஃபைலாக அனுப்புங்கள். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்த வேண்டாம், காக்கையும் சேர்ந்து ஆடிஷன் கொடுக்கும். வேலூர் வெயிலில் மூன்று நிமிஷத்துக்கு மேல் தாங்காது, ஆகவே வசனத்தை வெளியிலேயே பாடம் பண்ணிக்கொண்டு ஏறுங்கள்.

‘நானா இது?’, காரைக்குடி
கே: பதிந்து கேட்டால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மைக் சரியில்லையா?

ப: மைக் சரி. நீங்கள் பேசும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையெலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு அடிக்குரலைத் தாராளமாகக் கடத்தும். அதனால் உங்களுக்கு நீங்கள் எப்போதும் கொஞ்சம் கம்பீரம். மற்றவர்கள் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டிருப்பது மைக் சொல்லும் குரலைத்தான்.

‘லைவ் சவுண்ட்’, வளசரவாக்கம்
கே: படப்பிடிப்பிலேயே குரலைப் பதிந்துவிட்டால் டப்பிங் தொழில் என்ன ஆகும்?

ப: ‘லகான்’ 2001, ‘விருமாண்டி’ 2004, இரண்டும் லைவ் சவுண்டில் வந்தவை. அப்போதும் இதையே கேட்டார்கள். பிற மொழிப் படங்களும் ஓடிடி தொடர்களும் தமிழ் பேச வரிசையில் நிற்கும்வரை தொழில் இருக்கும். அந்தத் தொடர்கள் பெரும்பாலும் லைவ் சவுண்டில் எடுக்கப்படுவதால், தமிழ்க் குரலும் ஸ்டூடியோ நெடி இல்லாமல் அந்த இடத்திலேயே பேசியதுபோல் இருக்க வேண்டும் என்பார்கள். படப்பிடிப்பில் தலைக்கு மேல் நீட்டும் சென்ஹைசர் 416 மாதிரி நீளக்குழல் மைக்குகளை டப்பிங் அறையிலும் வைப்பதற்கு அது ஒரு காரணம்.

‘குரலை விற்றவன்’, சென்னை
கே: ‘சும்மா ரெண்டு மணி நேரம் வாசிச்சுக் கொடுங்க, ஏஐ-க்கு’ என்று ஒரு கம்பெனி நல்ல பணம் தருகிறது. போகலாமா?

ப: ‘சும்மா’வுக்கு யாரும் நல்ல பணம் தருவதில்லை. 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ வழியாகக் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கிச் சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். ஹாலிவுட் நடிகர் சங்கம் 2023-இல் வேலைநிறுத்தம் செய்ததில் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றும் இதுதான்: என்னை நகல் எடுப்பதென்றால் என் சம்மதமும் எனக்குச் சம்பளமும் வேண்டும்.

ஆகவே போகுமுன் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். எந்தப் பொருளுக்கு, எந்த மொழியில், எத்தனை வருஷம் என்று எழுதியிருக்கிறதா? உங்கள் குரலை வைத்து வேறு கம்பெனிக்கு விற்கலாமா? அரசியல் பிரசாரத்துக்கும் பான்மசாலாவுக்கும் பேச வைக்கலாமா? ‘எல்லா ஊடகத்திலும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்’ என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தால் அதை அடித்துத் தரச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதை மட்டும் நன்றாகக் கணீரென்றே சொல்லலாம்.